50 நாள் தாமதம்: டர்பனில் நான் தனியாக நடத்திய முதல் சுற்றுச்சூழல் வழக்கு

2018 ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் உயர் நீதிமன்றத்தில் என் முதல் சுற்றுச்சூழல் வழக்கு தள்ளுபடி ஆனது. எங்கள் பகுதியான மெர்பேங்கில் ஒரு பழைய எஞ்சின் ஆயில் யார்டின் விரிவாக்கத்துக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்த வழக்கு அது. தீர்ப்பை இரண்டு முறை படித்தேன். மெர்பேங்க் மக்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மனு 50 நாள் தாமதமாக வந்திருக்கிறது, தாமதத்துக்குச் சொன்ன காரணம் போதாது, அவ்வளவுதான். பதினாறு மாத உழைப்பு, 2 லட்சத்து 12 ஆயிரம் ரேண்ட், என் கார், என் அலுவலகம், எல்லாம் அந்த 50 நாளில் போயின. யாராவது ஒருவர் முன்கூட்டியே என்னை உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கலாமா என்று தமிழ்ப் பிள்ளைகள் இப்போது அடிக்கடி என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் பிறந்தது கும்பகோணம் பக்கம். அப்பா நாதஸ்வரக் கலைஞர். டர்பனில் ஒரு கோயிலில் வேலை கிடைத்து 1996ல் குடும்பத்தோடு வந்தோம். அப்போது எனக்கு 10 வயது. வாடகைக்கு வீடு கிடைத்தது மெர்பேங்கில். நிறவெறிக் காலத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு அது. 1950களிலும் 60களிலும் வந்த இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், ஒரு காகித ஆலை, சுற்றிலும் ரசாயனக் கிடங்குகள், நடுவில் எங்கள் வீடுகள். வந்து சில வருடத்தில் அப்பாவுக்கு இளைப்பு தொடங்கியது. தோடி ஆலாபனையில் ஒரு கார்வையை நீட்டிப் பிடிக்கும்போது பாதியில் மூச்சு அறுந்துவிடும். சீவாளியை வாயிலிருந்து எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, இருமி முடித்து மறுபடி தொடங்குவார். ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்துதான் நான் சட்டம் படிக்கப் போனேன்.

அந்த இளைப்பு எதனால் வந்தது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. ஒரு மனிதனின் நுரையீரலையும் ஒரு குறிப்பிட்ட புகைக்குழாயையும் நீதிமன்றத்தில் முடிச்சுப் போடுவது எவ்வளவு கடினம் என்பது படித்த பிறகுதான் புரிந்தது. எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா மிக அதிகம் என்று 2000களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்களே கண்டு சொன்னார்கள். ஆனாலும் 'இந்தக் குழந்தைக்கு இந்த ஆலையால்' என்று நிரூபிப்பது வேறு விஷயம். அதனால்தான் இந்தத் துறையில் பெரும்பாலான வழக்குகள் நஷ்ட ஈடு கேட்பதில்லை. அனுமதி கொடுத்த அதிகாரி சட்டப்படி யோசித்துக் கொடுத்தாரா, மக்களைக் கேட்டாரா என்று கேட்கின்றன. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் கேடு செய்யாத சூழலில் வாழும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. எங்களுடைய ஆயுதங்களுக்கெல்லாம் வேர் அதுதான். ஆனால் அந்த வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போக முடியாது.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்எல்பி நாலு வருடம், பிறகு ஒரு வக்கீல் நிறுவனத்தில் இரண்டு வருடம் ஆர்ட்டிகிள்ஸ் என்கிற பயிற்சி, இடையில் நாலு தாள் போர்டு தேர்வு. ஆர்ட்டிகிள்ஸ் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை டாக்ஸி செலவுக்கும் கறுப்பு கோட்டுக்கும் சரியாக இருக்கும். 2011ல் அட்டர்னியாக, அதாவது கட்சிக்காரரோடு நேரடியாக வேலை செய்யும் வக்கீலாக, பதிவு செய்தேன். ஐந்து வருடம் வீட்டுப் பத்திரப் பதிவு வேலை. 2016ல் கிளேர்வுட் பக்கம் ஒரு துணிக்கடைக்கு மேலே சின்ன அறை எடுத்துத் தனியாக உட்கார்ந்தேன். பத்திர வேலையில் வயிற்றைக் கழுவிக்கொண்டு, மிச்ச நேரத்தில் சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்தலாம் என்பது கணக்கு.

கணக்கு எங்கே தப்பியது என்பதையும் சொல்ல வேண்டும். சாலை விபத்து வழக்கில் ஜெயித்தால் பணம் வரும், அதில் ஒரு பங்கை வக்கீல் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இங்கே 1997ல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது. ஒரு யார்டின் அனுமதியை ரத்து செய்ய வைத்தால் யாருக்கும் ஒரு காசும் வராது. பங்கு எடுக்க எதுவும் இல்லை. இந்தத் துறையில் நல்ல சம்பளம் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் சுரங்கங்களுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் அனுமதி வாங்கித் தருகிற பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிறகு நானும் அங்கே இருந்தேன். ஆனால் மக்கள் பக்கம் நிற்க வருகிறவர்கள் பணம் எங்கிருந்து வரும் என்பதை முதல் நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மனசு நிறைய இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நான் நம்பினேன். வரவில்லை.

2017 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை. எங்கள் பழைய தெருவிலிருந்து ஓர் ஆயா என் அலுவலகப் படியேறி வந்தார். டர்பனில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்து, "பின்னாடி யார்டுல புது டேங்க் இறக்குறாங்க கண்ணு, ராத்திரியெல்லாம் லாரி" என்றார். பழைய எஞ்சின் ஆயிலை வாங்கிச் சூடாக்கிச் சுத்தம் செய்து விற்கிற யார்டு அது. விசாரித்தால், விரிவாக்கத்துக்கு 2016 டிசம்பர் முதல் வாரமே சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்திருந்தார்கள். தெருவில் யாருக்கும் தெரியாது. "நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டோமே" என்றார் ஆயா. போட்டிருந்தார்கள், 140 பேர். அந்த மனு போனது வார்டு கவுன்சிலருக்கு.

இங்கேதான் முதல் பாடம். விண்ணப்பம் போட்ட நிறுவனத்துக்காக அறிக்கை தயாரிக்கும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டாளர் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரு பதிவேடு இருக்கும். அந்தப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் முடிவு வந்ததும் தகவல் அனுப்ப வேண்டும். கவுன்சிலரிடம் 140 கையெழுத்து கொடுப்பதைவிட, மதிப்பீட்டாளருக்கு ஒரே ஒருவர் தன் முகவரியோடு இரண்டு வரி எழுதிக் கருத்துச் சொல்லியிருந்தால் போதும். பதிவேட்டில் ஏறிவிடுவார். அறிக்கை மீது கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். முடிவுத் தகவல் அனுப்பிய நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 20 நாள். நீமா என்று நாங்கள் சொல்கிற 1998ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, அந்த மேல்முறையீடு போட்ட உடனே அனுமதி நிறுத்திவைக்கப்படும். யோசித்துப் பாருங்கள், கோர்ட்டுக்கே போகாமல் டேங்க் இறங்குவதை நிறுத்தியிருக்கலாம். வேலிக் கம்பியில் கட்டுகிற அறிவிப்புப் பலகையைத் தெருவில் யாராவது ஒருவர் படித்து, ஒரு மின்னஞ்சல் அனுப்புவதில் இருந்தது அத்தனையும்.

அந்த 20 நாள் கடந்துவிட்டது என்று தெரிந்ததும் நான் செய்த தவறு, மேல்முறையீடே போடாமல் விட்டது. இனிப் பயனில்லை என்று நினைத்தேன். அதே சட்டத்தில் 47சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. தவறிய கெடுவை மன்னிக்கவும் நீட்டிக்கவும் மாகாண அமைச்சருக்கு அது அதிகாரம் தருகிறது. 'எங்களுக்குத் தகவலே வரவில்லை, இன்றுதான் தெரிந்தது' என்று அந்த வாரமே மன்னிப்பு கேட்டு மேல்முறையீட்டையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் மாகாணச் சுற்றுச்சூழல் துறைக்குக் கடிதம் எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது: பரிசீலிக்கிறோம். மறுபடி எழுதினேன். மறுபடியும் பரிசீலிக்கிறோம். ஓர் அதிகாரி பரிசீலிக்கிறேன் என்று சொல்வதால் சட்டத்தின் கடிகாரம் நிற்பதில்லை. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். என் வழக்கில்தான் அதன் அர்த்தம் தெரிந்தது.

ஏப்ரலில் யார்டுக்காரர்களின் அட்டர்னியிடமிருந்து கடிதம் வந்தது. தெருவில் ஒட்டிய துண்டறிக்கையில் 'விஷம்' என்று எழுதியிருந்தார்களாம், அவதூறாம். வாபஸ் வாங்காவிட்டால் 5 லட்சம் ரேண்ட் கேட்டு இரண்டு குடியிருப்பாளர்கள் மீதும் என் மீதும் வழக்கு. கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த 40 பேர் ஒரே வாரத்தில் 9 பேர் ஆனார்கள். வீடு போய்விடுமோ என்று பயந்தார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கே ராத்திரி தூக்கம் போனது. வழக்கு வரவே இல்லை. பயமுறுத்துவதற்கென்றே போடும் இப்படிப்பட்ட வழக்குகளை நீதிமன்ற நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்வதாகச் சொல்லி எதிர்க்கலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு அன்றைக்கு என் கையில் இல்லை. இருந்தாலும், துண்டறிக்கையில் பார்த்ததை மட்டும் தேதி நேரத்தோடு எழுதுங்கள். 'இரவு 11 மணிக்கு மூக்கு எரிந்தது' என்பதற்கு நோட்டீஸ் அனுப்புவது கடினம். வக்கீலாக இருப்பவர் துண்டறிக்கையில் தன் பெயரைப் போடவே கூடாது.

இனி நான் தவறவிட்ட 180 நாள் கெடு. அரசு அதிகாரியின் முடிவை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யக் கேட்பது பாஜா என்கிற 2000ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ். தேவையில்லாத தாமதம் கூடாது, எப்படியும் 180 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது அது. தாண்டினால் தாமதமே நியாயமற்றது என்று ஆகிவிடும், நீட்டிப்புக் கிடைக்காவிட்டால் வழக்கின் நியாயத்துக்குள் நீதிமன்றம் நுழையவே முடியாது என்று, நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டண வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. எனக்குத் தெரியும். தெரிந்தும் காத்திருந்தேன். ஆவணங்கள் இல்லாமல் எப்படி வழக்குப் போடுவது என்று நினைத்துத் தகவல் பெறும் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். அவர்களுக்கு 30 நாள், அதற்கு மேல் இன்னொரு 30 நாள் நீட்டிப்பு. பிறகு காற்று நிபுணரின் அறிக்கைக்குக் காத்திருந்தேன். பிறகு, நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீலான அட்வகேட்டுக்கு முன்பணம் சேரக் காத்திருந்தேன்.

எதற்குமே காத்திருக்கத் தேவை இருந்ததில்லை. உயர் நீதிமன்ற விதி 53 என்று ஒன்று உண்டு. அதன்கீழ் மனுப் போட்டால், முடிவெடுத்த அதிகாரியே தன் கோப்பு முழுவதையும் 15 வேலை நாளில் நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். வைத்த பிறகு நாம் நம் வாக்குமூலத்தில் சேர்க்கலாம், திருத்தலாம். அதாவது கையில் பத்துப் பக்கம் இருந்தாலே தொடங்கிவிடலாம், மீதியை அவர்களே கொண்டுவந்து தருவார்கள். இதைச் சட்டக் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பக்கத்து மேசையில் 'போட்டுவிட்டு அப்புறம் திருத்துடி' என்று சொல்ல ஒருத்தர் இல்லை. தனியாக இருப்பதன் விலை அதுதான். நிபுணர் அறிக்கைக்கு 68,000 ரேண்ட் கொடுத்தேன். வழக்கு மக்களைக் கேட்காததைப் பற்றியது, காற்றில் என்ன இருந்தது என்பதைப் பற்றியதே அல்ல. அந்த அறிக்கையை யாரும் புரட்டக்கூட இல்லை.

அனுமதி பற்றி எங்களுக்குத் தெரிய வந்த பிப்ரவரி 14லிருந்து 180ஆவது நாள் 2017 ஆகஸ்ட் 13. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டப்படி கெடு திங்கள்வரை நீளும். ஆடி மாதம், அந்த ஞாயிறு மாரியம்மன் கோயிலில் கூழ். காலை ஆறு மணியிலிருந்து நான் கரண்டியோடு நின்று ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆயா வரிசையில் வந்து, "கேஸ் எப்படி இருக்கு கண்ணு" என்று கேட்டார். "நல்லா போகுது ஆயா, நிபுணர் அறிக்கை வந்துடுச்சு" என்றேன். என் மனதில் கணக்கு, கடைசியாகத் துறை எழுதிய ஜூன் மாதக் கடிதத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடிதம் புதிய முடிவு அல்ல. மனுவை அக்டோபர் 3ஆம் தேதி தாக்கல் செய்தேன். எதிர்த்தரப்பின் பதில் வாக்குமூலத்தில் முதல் பக்கத்திலேயே நாட்களை எண்ணிப் போட்டிருந்தார்கள். அதைப் படித்த அன்று கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எந்தக் கோப்பு வந்தாலும் இப்போது முதல் வேலையாக அட்டையின் மேல் மூன்று தேதி எழுதுகிறேன்: முடிவு எடுத்த நாள், கட்சிக்காரருக்குத் தெரிய வந்த நாள், 180ஆவது நாள். நான்காவதாக 120ஆவது நாளைச் சிவப்பில். 120க்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

செலவு விவரம் யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். அட்வகேட்டுக்குக் குறைத்துக் கொடுத்தும் 90,000. நிபுணருக்கு 68,000. நகல், நீதிமன்றத் தாள்களைச் சேர்ப்பிக்கும் ஷெரிஃப், பைண்டிங் 14,000. கட்ட முடியாமல் நின்ற அலுவலக வாடகை 40,000. யார்டுக்காரர்கள் தங்கள் வழக்குச் செலவை என் சொந்தப் பணத்திலிருந்தே வாங்கித் தர வேண்டும் என்றும் கேட்டார்கள். மார்ச்சில் வாதம் முடிந்து ஜூனில் தீர்ப்பு வரும்வரை அந்தப் பயம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீதிபதி அதை மறுத்துவிட்டார், அவரவர் செலவு அவரவருக்கு. இதற்கு 2009ல் அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்த பயோவாட்ச் தீர்ப்பு வழிகாட்டி: அரசியலமைப்பு உரிமைக்காக நேர்மையாக அரசை எதிர்த்து வழக்காடித் தோற்றவர் மீது பொதுவாகச் செலவைச் சுமத்தக் கூடாது. நீமாவின் 32ஆம் பிரிவிலும், பொதுநலனுக்காக நியாயமாக நடந்துகொண்டவர் தோற்றால் செலவு விதிக்காமல் விட இடம் உண்டு. இந்த இரண்டையும் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லுங்கள். வீடு போய்விடும் என்கிற பயத்தில் பாதிப் பேர் ஒதுங்குகிறார்கள்.

ஒரு போன் செய்திருக்கலாம் என்பதுதான் இன்றும் வருத்தம். 1979லிருந்து இயங்கும் சட்ட வள மையத்துக்கு டர்பனில் அலுவலகம் இருக்கிறது. கேப் டவுனில் 2009ல் தொடங்கிய சுற்றுச்சூழல் உரிமைகள் மையம் இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கிரவுண்ட்வொர்க் என்கிற சுற்றுச்சூழல் நீதி அமைப்பு இருக்கிறது. நான் யாரையும் கேட்கவில்லை. என் தெரு, என் வழக்கு என்ற வீம்பு இருந்தது. கேட்டால் சின்னப் பெண் தெரியாமல் இறங்கிவிட்டாள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சமும் இருந்தது.

தோற்ற பிறகு அலுவலகத்தை மூடினேன். கடனை அடைக்க ஒரு பெரிய நிறுவனத்தின் சுற்றுச்சூழல் பிரிவில் இரண்டரை வருடம் வேலை பார்த்தேன். தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் உரிமம், காற்று உரிமம் வாங்கித் தருகிற வேலை. மெர்பேங்க் ஜனங்களின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது, உண்மை. ஆனால் அங்கேதான் உரிமம் என்பது ஒரு தடவை கொடுத்து முடிகிற விஷயம் இல்லை என்று கற்றேன். காற்று உமிழ்வு உரிமத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு, முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். டர்பனில் அதைக் கொடுப்பது மாநகராட்சி. ஒவ்வொரு உரிமத்திலும் பக்கம் பக்கமாக நிபந்தனைகள் இருக்கும். அவை மீறப்படுகிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால், கோர்ட் படி ஏறாமலே நிறையச் சாதிக்கலாம்.

ஆள் இருந்தார். நான் தோற்ற பிறகும் ஆயா நிறுத்தவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு, ஒரு நாளைக்கு ஒரு வரி, ஆங்கிலத்தில். தேதி, நேரம், என்ன வாடை, எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கம். காற்றை எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். அடுத்த வீட்டு ஹிந்திக்காரர் முற்றத்தில் மூங்கிலில் அனுமார் கொடி நடுவார்கள் இல்லையா, ஜண்டி, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று அடுப்படி ஜன்னலிலிருந்து பார்ப்பாராம். டர்பனில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று, இல்லாவிட்டால் தென்மேற்கு. 2022ல் யார்டின் உரிமம் புதுப்பிக்க வந்தபோது நான் ஒரு பொதுநல சட்ட அமைப்பில் சேர்ந்திருந்தேன். ஐந்து நோட்டையும் விமான நிலைய வானிலைப் பதிவோடு ஒப்பிட்டோம். கொடி சொன்னதும் பதிவு சொன்னதும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தன. கெட்ட வாடை எழுதிய நாட்களில் முக்கால்வாசி, காற்று யார்டிலிருந்து வீடுகளை நோக்கி அடித்த நாட்கள். 68,000 கொடுத்த அறிக்கை செய்யாததை அந்த நோட்டு செய்தது.

நோட்டை ஆதாரமாக்க ஒரு நடைமுறை இருக்கிறது, கவனமாகச் செய்யுங்கள். எழுதியவரே வாக்குமூலம் கொடுத்து, நோட்டை இணைப்பாகச் சேர்த்து, சத்தியப் பிரமாணம் செய்துவைக்கும் அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும். வழக்கில் சம்பந்தப்பட்ட வக்கீல் அதைச் செய்துவைக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகச் செய்கிறார்கள். ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கான்ஸ்டபிள் ஒவ்வொரு பக்கமாக முத்திரை குத்தக் குத்த, ஆயா ஒவ்வொன்றிலும் தமிழில் கையெழுத்துப் போட்டார், சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கற்ற உருண்டை எழுத்தில். வாக்குமூலத்துக்கும் இணைப்புக்குமாக மொத்தம் 212 கையெழுத்து, நடுவில் இரண்டு தடவை விரலை நீவிவிட்டுக்கொண்டார்.

யார்டு மூடப்படவில்லை, இன்றும் இருக்கிறது. உரிமத்தைப் புதுப்பித்தார்கள், நாங்கள் கேட்ட மூன்று நிபந்தனைகளோடு: இரவு எட்டு மணிக்கு மேல் லாரி இறக்கக் கூடாது, டேங்குகளுக்கு ஆவி பிடிக்கும் மூடி, வேலி ஓரத்தில் காற்று மாதிரி எடுத்து மாதாமாதம் தெருவுக்கு முடிவைத் தர வேண்டும். முதல் மாத அறிக்கையை எடுத்துக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்களை விரல் வைத்துப் பார்த்தார். பிறகு ஆறாவது நோட்டைத் திறந்து, அவர்கள் மாதிரி எடுத்த நாட்களில் தான் என்ன எழுதியிருக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தார்.